காகம் தின்றால் கூட்டல்

முதல் நாள் வந்தவர்கள் இவர்கள்.

டீச்சர். இருபத்தாறு வயது. கணினியில் பட்டம் எடுத்துவிட்டு ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தவர்.

தையல்காரி. அபாயா தைப்பவர். கழுத்தில் அளவு நாடாவோடுதான் வருவார்.

கடைக்காரி. வீட்டு முன்னறையில் சில்லறைக் கடை வைத்திருந்தார். வாய் கொஞ்சம் நீளம்.

காரைதீவுக்காரி. எங்களில் அவர் ஒருவர்தான் இந்து. புருசனோடு சேர்ந்து வயல் செய்பவர். பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போவார்.

ஒரு அக்கா. ஒரு தங்கை. இருவருக்கும் சேர்த்து ஒரு ஃபோன்.

கடைசியாக நான். நான் படிக்க வந்தவள் இல்லை. நிந்தவூரில் எங்கள் மாதர் சங்கக் கட்டிடத்தின் திறப்புக் கொத்து என்னிடம் இருந்தது. கதவைத் திறப்பது, துப்பரவு செய்வது, தேத்தண்ணி வைப்பது என் வேலை.

டீச்சர் ஆட்களை எண்ணினார். ஐந்து பேர். ஆறு பேர் இருந்தால்தான் வகுப்புத் தொடங்கலாம் என்று திட்டத்துக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். ஆறு மடிகணினிகளைத் தந்ததும் அவர்கள்தான். டீச்சர் என்னைப் பார்த்தார்.

"மாமி, நீங்களும் இரிங்க."

ஏழாம் வகுப்போடு நின்றவள் என்றேன். பரவாயில்லை என்றார். இங்கிலீசு தெரியாது என்றேன். அதுவும் பரவாயில்லை என்றார். அப்படியென்றால் தேத்தண்ணி யார் வைப்பது என்றேன். அதையும் நானே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

சனியும் ஞாயிறும் வகுப்பு. பகலில் லுஹர் தொழுதுவிட்டு வந்தால் பின்னேரம் அஸர் வரை. மூன்று மாதம். அதற்குள் நாங்கள் ஃபோனில் விளையாடும் ஒரு ஆட்டத்தை நாங்களே செய்ய வேண்டும். ஆட்டம் செய்துகொண்டு போனால் கணினிக்குக் கட்டளை எழுதுவது தானாக வந்துவிடும் என்று டீச்சர் சொன்னார். கடைசி நாளில் திட்டத்து சேர் ஒருவர் பார்வையிட வருவார். ஆட்டம் வேலை செய்து, அதை நாங்கள்தான் செய்தோம் என்று அவருக்கு நம்பிக்கை வந்தால் மடிகணினிகள் இங்கேயே இருக்கும், டீச்சர் அடுத்த வகுப்பை எடுப்பார். இல்லாவிட்டால் அவற்றை வேறு ஊருக்கு ஏற்றிவிடுவார்கள்.

வகுப்பில் அவர் சொன்னது அவ்வளவுதான். மிச்சத்தைக் கோப்பை கழுவும் இடத்தில் என்னிடம் சொன்னார். வகுப்பு நின்றால் அவர் கொழும்புக்குப் போக வேண்டும். அங்கே ஒரு கம்பனியில் வேலை இருக்கிறது. உம்மாவுக்கு ஒரு பக்கம் கைகால் வராது. வீட்டில் வேறு ஆள் இல்லை.

"உம்மாவ வைச்சிட்டு எப்பிடி மாமி போற?"

நான் கோப்பையைக் கழுவினேன்.

கட்டளைகள் எல்லாம் நிறம்நிறமான துண்டுகளாக இருந்தன. ஒன்றை இழுத்து மற்றொன்றில் கொழுவ வேண்டும். எழுத்து இங்கிலீசு. டீச்சர் அட்டையில் தமிழ் எழுதித் தந்தார். நான் அட்டையைப் பார்க்கவில்லை, நிறத்தைப் பிடித்துக்கொண்டேன். மஞ்சள் என்றால் 'இப்படி இருந்தால் இப்படிச் செய்'. நீலம் என்றால் கணக்கு. செம்மஞ்சள் என்றால் டின்.

டின் என்பது டீச்சர் வைத்த பேர். ஒரு டின்னுக்குப் பேர் எழுதி வைத்தால் அதற்குள் ஒரு எண் இருக்கும். கேட்டால் சொல்லும், மாற்றினால் மாறும். எனக்கு அது லேசாக விளங்கியது. நாங்கள் அரிசி அளக்கும் சுண்டும் வெறும் பால் டின்தானே. மஞ்சள் துண்டும் விளங்கியது. வெயில் எறித்தால் நெல்லைக் காயப் போடு, மழை இருட்டினால் அள்ளு. இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

டீச்சர் முதலில் காட்டிய ஆட்டத்தில் ஒரு பிராணி பொந்துக்குள்ளிருந்து தலையை நீட்டும். நாங்கள் அதன் தலையில் குத்த வேண்டும். கடைக்காரி இரண்டு தரம் குத்திவிட்டு ஃபோனைக் கீழே வைத்தார்.

"இது என்ன செஞ்ச எண்டு டீச்சர் இதுக்கு அடிக்கிற?"

டீச்சர் யோசித்தார். அப்படியென்றால் நீங்கள் உண்மையிலேயே எதைத் துரத்துவீர்கள் என்று கேட்டார். ஆறு பேரும் ஒரே நேரத்தில் காகம் என்றோம்.

அப்படித்தான் எங்கள் ஆட்டம் வந்தது. தெருவோரத்தில் படங்கு விரித்து அவித்த நெல் காயப் போட்டிருக்கிறது. காகம் வரும். காகத்தைத் தொட்டால் பறந்துவிடும். தொடாமல் இரண்டு வினாடி இருந்தால் தின்னத் தொடங்கும். ஒரு நிமிடத்தில் மழை வரும், ஆட்டம் முடியும். நெல் என்ற டின்னில் நூறு சுண்டு இருக்கும். எண்பதுக்குக் குறையாமல் காப்பாற்றினால் திரையில் 'மாஷா அல்லாஹ்' என்று வரும்.

காகத்தின் படம் வேண்டும். தையல்காரியின் மதிலில் ஒன்று வந்து இருந்தது. ஃபோனைத் தூக்கினால் பறந்தது. தினமும் வாசலில் நின்று கத்துகிற காகத்துக்கு அன்றைக்கு மட்டும் வெட்கம் வந்துவிட்டது. இடியப்பம் வைத்துத்தான் பிடித்தோம். அதிலும் அது குனிந்து தின்றுகொண்டிருந்தது, முகம் விழவில்லை. அந்தப் படத்தைத்தான் போட்டோம்.

துரத்தும் சத்தமும் வேண்டும். டீச்சர் எங்களில் ஒருவரைச் 'சூ' என்று சொல்லச் சொன்னார். ஒருவரும் முன்வரவில்லை. ஃபோன் ஃபோனாக ஊரெல்லாம் போகும், பொம்பிளையின் குரல் அதில் போனால் நல்லாயிராது என்று அக்கா சொன்னார். காரைதீவுக்காரி தான் சொல்வதாக வந்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்து சொல்ல முடியவில்லை. கடைசியில் கடைக்காரி பிஸ்கட் டின் மூடியில் கரண்டியால் அடித்தார். அது நல்ல சத்தம்.

வேலையை ஆறாகப் பிரித்தோம். காகம் எங்கே வந்து இருக்க வேண்டும் என்பது தங்கைக்கு. மழை அக்காவுக்கு. படமும் எழுத்தும் தையல்காரிக்கு. தொட்டால் பறப்பது காரைதீவுக்காரிக்கு. சத்தம் கடைக்காரிக்கு. தின்றால் என்ன நடக்கும் என்பது எனக்கு வந்தது.

என் துண்டு சின்னது. காகம் இரண்டு வினாடி இருந்தால் நெல் டின்னை மாற்ற வேண்டும். மஞ்சளைப் போட்டேன். செம்மஞ்சளைக் கொழுவினேன். நீலத்தைத் திறந்தேன். கூட்டலும் கழித்தலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டலை எடுத்துப் போட்டேன்.

கைதவறிப் போட்டதில்லை. டீச்சர் இந்த எண்ணைப் பற்றிச் சொல்லும்போது, நமக்கு நல்லது நடந்தால் ஏற வேண்டும், கெட்டது நடந்தால் இறங்க வேண்டும் என்றார். விதைத்ததில் பறவை தின்றால் அது ஸதகா, நாம் கொடுத்த தர்மம். அது நமக்கு நல்லது. எனக்கு அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. யோசித்தது கூட்டல் எந்தப் பக்கம் கொழுவும் என்பதைத்தான்.

எல்லாத் துண்டையும் சேர்த்து ஃபோனில் ஏற்றினோம். விளையாடிப் பார்த்தோம். கடைக்காரிக்கு நூறு. தையல்காரிக்கு நூறு. அக்கா தங்கைக்கு நூறு. காரைதீவுக்காரிக்கும் எனக்கும் நூறு. டீச்சருக்கும் நூறுதான். ஒரு மணி நெல் போகவில்லை என்று பெருமைப்பட்டோம்.

காகத்தை இரண்டு வினாடி இருக்க விட்ட ஆள் எங்களில் இல்லை. பாவாடை கட்டத் தொடங்கிய நாளிலிருந்து நெல்லுக்குக் காவல் இருந்தவர்கள். டீச்சரும் இதே ஊர்ப் பிள்ளைதான். காகத்தின் நிழல் விழுந்தாலே கை போய்விடும். அதனால் என் துண்டு மூன்று கிழமையாக ஒரு தரமும் வேலை செய்யவில்லை. அது எங்களுக்குத் தெரியாது.

பார்வையிட வந்த சேர் அக்கரைப்பற்றுப் பக்கத்தவர். கண்ணாடி போட்டிருந்தார். கதிரையில் உட்கார்ந்த உடனேயே சொல்லிவிட்டார். போன இடங்களில் எல்லாம் டீச்சர்மார் ஆட்டத்தைச் செய்கிறார்கள், படிக்க வந்தவர்கள் ஃபோனைத் தூக்கிக் காட்டுகிறார்கள். ஒன்றிரண்டு கேள்வி கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். இங்கேயும் அப்படித்தான் என்றால் இப்போதே சொல்லுங்கள், எனக்கும் நேரம் மிச்சம் என்றார்.

டீச்சர் அப்படி இல்லை என்றார். குரல் சின்னதாக வந்தது.

ஃபோனைக் கொடுத்தோம். ஆட்டம் தொடங்கியது. காகம் வந்து இருந்தது. சேர் கண்ணாடியைச் சரிசெய்தார். காகம் தின்றது. சேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு காகம் வந்தது. அவர் விரலைக் கொண்டுபோனார், படங்கைத் தொட்டார், காகத்தைத் தொடவில்லை. மூன்றாவதும் வந்தது. அரிசியைக் கடையில் பேக்கில் வாங்குகிறவர் என்று கடைக்காரி என் காதில் சொன்னார்.

நான் சிரிக்கவில்லை. எண்ணைப் பார்த்தேன். நூற்றுப் பத்து. நூற்று முப்பது. தையல்காரி என் கையைப் பிடித்தார்.

மழை வந்தது. நூற்று அறுபத்து மூன்று. 'மாஷா அல்லாஹ்' என்று வந்தது.

சேர் ஃபோனை மேசையில் வைத்தார்.

"நான் ஒண்டுமே செய்யல்லியே. பிறகெப்பிடி நான் வெண்ட?"

டீச்சரின் முகம் வெளுத்துப்போனது. பிழைதான் சேர், நான் பார்க்கவில்லை என்றார். யாருடைய பகுதி என்று சேர் கேட்டார். டீச்சர் சொல்லவில்லை. அவர் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

"என்ட," என்றேன். "நான்தான் கூட்டல் போட்ட."

"ஏன் போட்டீங்க?"

"பறவை திண்டா நமக்கு ஸதகாதானே சேர். அது கூடத்தானே வேணும்."

சேர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பப் போட்டார். எனக்கு அவர் முகத்திலிருந்து ஒன்றும் விளங்கவில்லை.

காரைதீவுக்காரிதான் வாயைத் திறந்தார். தங்கள் வீட்டில் காகத்துக்கு ஒரு பிடி வைத்துவிட்டுத்தான் தாங்கள் சாப்பிடுவது என்றார். மாமி போட்டது பிழை என்று தான் சொல்ல மாட்டேன் என்றார். தையல்காரி விடவில்லை. ஸதகா சரி, ஆனால் நெல் குறைந்ததும் உண்மைதானே, குறைந்ததைக் கூடியது என்று எப்படிச் சொல்வது என்றார். நெல்லும் குறைய வேண்டும், நன்மையும் கூட வேண்டும் என்று அக்கா சொன்னார். ஒரு டின் இரண்டையும் எப்படிச் செய்யும் என்று கடைக்காரி கேட்டார்.

"அப்ப ரெண்டு டின் வைப்பம்," என்று தங்கை சொன்னாள். வகுப்புத் தொடங்கிய நாளிலிருந்து அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

டீச்சர் எழும்பி மடிகணினிப் பக்கம் போனார். சேர் கையைக் காட்டினார்.

"டீச்சர் இரிங்க. அவங்க செய்யட்டும்."

டீச்சர் உட்கார்ந்தார். பேனை மூடியை வாயில் வைத்துக் கடித்தார். அவருடைய கொழும்பும் உம்மாவும் இப்போது எங்கள் ஆறு பேரின் கையில் இருந்தன. மற்ற ஐந்து பேருக்கும் அது முழுதாகத் தெரியாது. எனக்குத் தெரியும். மடிகணினியை என் பக்கம் இழுத்தேன்.

புதிய செம்மஞ்சள் டின் ஒன்று எடுத்தேன். தையல்காரி அதற்கு 'நன்மை' என்று பேர் எழுதினார். தொடக்கத்தில் பூச்சியம். கூட்டலை நெல்லிலிருந்து கழற்றி நன்மையில் கொழுவினேன். நெல்லுக்குக் கழித்தல் போட்டேன். ஃபோனில் ஏற்றிக் காகத்தை இருக்க விட்டோம். விரலை அடக்கிக்கொண்டு காகம் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது எங்களுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. தங்கை தன் கையைத் தானே பிடித்துக்கொண்டாள்.

காகம் ஒரு தரம் கொத்தியது. நெல் நூறிலிருந்து பூச்சியத்துக்கும் கீழே, கழித்தல் தொண்ணூற்று ஒன்பதுக்குப் போனது.

"இது காகமில்ல, யானை," என்றார் கடைக்காரி.

சேர் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. அவருக்குப் பிழை தெரிந்துவிட்டது, அவர் முகத்தில் அது இருந்தது. வாய் திறக்கக் கூடாது. எங்களைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

நான் துண்டைப் பார்த்தேன். நீலத்தில் இரண்டு பொந்து. முதல் பொந்தில் ஒன்று என்ற எண், மற்றதில் நெல். காரைதீவுக்காரி குனிந்து பார்த்தார்.

"மாமி, எதில இருந்து எடுக்கிற எண்டத முதல் வைக்கணும். மூட்ட முதல், சுண்டு பிறகு. நீங்க சுண்டுக்குள்ள இருந்து மூட்டைய எடுக்கிறீங்க."

ஓம் என்றேன். இரண்டையும் இடம் மாற்றினேன். திரும்ப ஏற்றினோம். காகம் கொத்தியது. நெல் தொண்ணூற்று ஒன்பது. நன்மை திரையில் இல்லை. டின்னில் இருக்கிறது, ஆனால் திரையில் காட்டச் சொல்லி நாங்கள் சொல்லவில்லை. அதைத் தையல்காரி கண்டுபிடித்தார். காகத்தின் படத்துக்குப் பக்கத்தில் இடம் எடுத்துப் பச்சை எழுத்தில் போட்டார். இவ்வளவுக்கும் அரை மணி போயிருக்கும். தேத்தண்ணி ஆறி ஆடை கட்டிவிட்டது.

சேர் ஃபோனை வாங்கினார். இந்த முறை இரண்டு காகத்தைத் துரத்தினார், ஒன்றை விட்டார். திரும்ப ஒன்றைத் துரத்தினார், இன்னொன்றை விட்டார். வேண்டுமென்றே விட்டார் என்றுதான் நினைக்கிறேன். நெல் இறங்கியது. நன்மை ஏறியது. மழை வந்தது.

அவர் தன் கொப்பியில் நெடுநேரம் எழுதினார். பிறகு டீச்சரைப் பார்த்துச் சொன்னார்.

"இத நீங்க செஞ்சிருந்தா இந்தப் பிழை வந்திரிக்காது டீச்சர். அவங்கதான் செஞ்சிரிக்காங்க. எனக்கு அது காணும்."

மடிகணினிகள் இங்கேயே இருக்கட்டும் என்றார். ஆனால் அடுத்த வகுப்புக்குக் குறைந்தது பன்னிரண்டு பேர் வேண்டும். வியாழக்கிழமைக்குள் பேர் எழுதி அனுப்ப வேண்டும். ஒரு படிவம் தந்தார். அதில் பன்னிரண்டு கோடு இருந்தது. ஆறிய தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போனார்.

டீச்சர் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஆறு பேர் சேர்ப்பதற்கே போன முறை என்னைப் பிடித்து உட்கார வைத்தவர். பன்னிரண்டுக்கு எங்கே போவது. இந்த முறை நான் கணக்கில் வர மாட்டேன், படித்து முடித்தவள்.

ஒருவரும் வீடுவீடாகப் போகவில்லை. ஆட்டம் போனது. தங்கை தன் மச்சிமாருக்கு அனுப்பினாள். மச்சிமார் கல்முனைக்கு அனுப்பினார்கள். காரைதீவிலும் ஓடியது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பின்னேரமே குறை சொல்ல ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

முதலில் வந்தவர் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பின்வளவுக்காரி. நான் சங்கக் கட்டிட வாசலில் நின்றேன். அவர் ஸலாம் கூடச் சொல்லவில்லை.

"கோழி எங்க? கோழியில்லாம என்ன கேம் இது? எங்கட வளவில காகத்த விடக் கோழிதான் கள்ளன்."

டீச்சர் உள்ளே இருந்து படிவத்தோடு வந்தார். கோழி போடலாம், அடுத்த வகுப்புக்கு வந்து நீங்களே போடுங்கள் என்றார். பின்வளவுக்காரி பேனையை வாங்கிப் பேரை எழுதினார். கோபத்தில் எழுத்துக் கோட்டுக்கு வெளியே போனது.

பிறகு ஆடு ஏன் இல்லை என்று ஒருவர் வந்தார். இடி முழக்கம் இல்லாமல் மழை எப்படி வரும் என்று ஒருவர் கேட்டார். படங்கை இழுத்து மூட ஏன் விடவில்லை, பார்த்துக்கொண்டு நனைய விடுவதா என்று ஒருவர். கடைக்காரியின் மாமியார் வந்தது கதிரையில் உட்கார்ந்து கதைப்பதற்கு. அவர் ஒரு காகத்தையும் துரத்துவதில்லையாம். நெல் பாதிக்கு மேல் போய் நன்மை அறுபதுக்கு மேல் வந்ததாம். அதற்கு 'மாஷா அல்லாஹ்' வரவில்லை, இது என்ன நியாயம் என்று டீச்சரிடம் கேட்டார். டீச்சர் பேனையைக் கொடுத்தார். எழுபது வயதில் இனி எனக்கென்ன படிப்பு என்று சொல்லிக்கொண்டே அவரும் எழுதினார்.

ஆனாலும் செவ்வாய்க்கிழமை ஏழு பேர்தான். புதன்கிழமை ஒருவரும் வரவில்லை. அன்று டீச்சர் நேரத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார். கொழும்புக் கம்பனியிலிருந்து இரண்டு தரம் அழைப்பு வந்ததாகப் போகும்போது சொன்னார்.

வியாழக்கிழமை லுஹருக்குப் பிறகு கதவைத் திறந்தேன். டீச்சரும் தையல்காரியும் வந்திருந்தார்கள். காரைதீவு பஸ்ஸிலிருந்து ஒரு கூட்டம் இறங்கியது. காரைதீவுக்காரி முன்னால் வந்தார். பின்னால் அவர் தெருப் பெண்கள். எல்லோர் கையிலும் ஃபோன். அவர்களுடைய வழக்கு வேறு. காகத்துக்குத் தனியாக ஒரு இலை வைக்க இடம் வேண்டும், அதில் தின்றால் நெல் குறையக் கூடாது என்றார்கள். பின்வளவுக்காரி அப்போது தன் தங்கச்சியோடும் அவளுடைய மகளோடும் வாசலில் நின்றார். இலை வைத்தால் கோழி அதையும் விடாது என்றார். இரண்டு பக்கமும் கதை ஏறியது. டீச்சர் நடுவில் நின்று, வகுப்பில் கதைப்போம், எழுதுங்கள், வகுப்பில் கதைப்போம் என்று சொல்லிக்கொண்டே படிவத்தை நீட்டினார்.

பன்னிரண்டு கோடும் முடிந்தது. தையல்காரி தன் அடிமட்டத்தை எடுத்துக் கீழே கோடு போட்டுக் கொடுத்தார். அந்தப் பக்கமும் முடிந்தது. தாளைத் திருப்பினோம்.

ஆட்கள் போன பிறகு டீச்சர் இரண்டு தரம் எண்ணினார். தாளை என்னிடம் தந்து என்னையும் எண்ணச் சொன்னார். நான் பேனை முனையால் ஒவ்வொரு பேராகத் தொட்டு எண்ணினேன்.

இருபத்தொன்று.